வாக்குக் காத்த இளைஞர்

புயலிற் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியது. 1660-ஆம் ஆண்டில் அதன் தலைவரும், 19 வயதான அவர் மைந்தர் றொபேட் நொக்ஸும், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் சிறைப்பட்டனர்.

கப்பலுக்குச் செய்தி கொண்டு செல்ல மைந்தர் அனுப்பப்பட்டார். அங்கேயே தங்கியிருந்தால் விடுதலை. எனினும், தந்தைக்கு அளித்த வாக்கின்படி மீண்டு வந்தார். 1661-இல் தந்தை நோயுற்று மாண்டார். அந்நிய மண்ணிலேயே மடிய நேருமோ என்னும் அச்சம் தனித்த இளைஞரை வாட்டியது. தொப்பி பின்னிப் பிழைத்தார். தொப்பி ஒன்றை ஈந்தே விவிலிய நூலைப் பெற்றார். தாயகம் மீளும் விருப்பம் மட்டும் தணியவில்லை. 1679-இல் தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். இலங்கையைப் பற்றிய அவரது நூல் 1681-இல் இலண்டனில் வெளிவந்தது.

வாக்கைக் காத்ததால் அவர் இழந்தவை ஏறத்தாழ இருபது ஆண்டுகள். மீறியிருந்தால் எதனை இழந்திருப்பார்? இளைஞர் சிந்திப்பார்களாக.