கோட்டைத் தாண்டி ஓடிய பெண்கள்



இந்த மைதானத்தில் வலைப்பந்தாட்டம் ஆடி வளர்ந்தவர்கள் நாம். நமக்குரிய கோட்டைத் தாண்டினால் உடனே விசில் ஊதுவார்கள். அந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்று அன்று நாம் கேட்டதில்லை.

1891 இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அமெரிக்காவில் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே ஸ்மித் கல்லூரி ஆசிரியை சென்டா பெரென்சன் அதைத் தம் மாணவியருக்குக் கற்பித்தார். ஆனால் அதிகம் ஓடினால் பெண்களின் உடம்பு தாங்காது என்பது அக்கால எண்ணம். ஆகவே ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்தார். எவரும் தமது பகுதியை விட்டு வெளியேறக் கூடாது. நமது வலைப்பந்தாட்டமும் அந்த ஆரம்பகாலக் கூடைப்பந்தாட்டத்திலிருந்து பிறந்ததுதான்.

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஐவராக முழு ஆடுகளத்திலும் ஓடி ஆடும் விதி 1971 இல்தான் வந்தது. ஒலிம்பிக்கில் ஆண்களின் கூடைப்பந்தாட்டம் 1936 இல் தொடங்கியது. பெண்கள் 1976 வரை காத்திருந்தார்கள். அந்த முறை அமெரிக்கப் பெண்கள் அணி வெள்ளி வென்றது. 1996 முதல் 2024 வரை தொடர்ந்து எட்டுத் தங்கம். பாரிஸ் இறுதியாட்டத்தில் பிரான்ஸை 67–66 என ஒரே புள்ளியால் வென்றார்கள். அந்த அணியிலிருந்த டயானா டௌராசிக்கு அது ஆறாவது தங்கம். அப்போது அவருக்கு வயது 42. நம்மில் பலருடைய வயது!

எங்கள் வகுப்பிலிருந்து வைத்தியர்களான நாங்கள் இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். “பிள்ளை பெரியவளாயிட்டாள், சோதினையும் வருது, விளையாட்டிலயிருந்து விலக்க ஒரு கடிதம் தாங்கோ டொக்டர்” என்று தாய்மார் வருவார்கள். ஒரு நோயும் இல்லாத பிள்ளைகளுக்கும் நாங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பெரென்சன் கீறிய கோட்டையே நாங்களும் கடிதத்தில் கீறினோம். நாங்களும் உயர்தர வகுப்பில் ரியூசனுக்காகப் பந்தைக் கீழே வைத்தவர்கள்தானே. அது பிழையாகத் தெரியவில்லை.

5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியபிள்ளையானவர்களுக்கு விலக்கு என்று அதில் இல்லை.

ஆகையால் இப்போது, “பிள்ளைக்கு என்ன வருத்தம்?” என்று முதலில் கேட்கிறோம். வருத்தம் இருந்தால் கடிதம் உண்டு. இல்லையென்றால் இல்லை. கேட்டு வருபவர் நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர் என்றாலும் இல்லை! கோபிக்க வேண்டாம், சகோதரிகளே. பிள்ளையை விளையாட விடுங்கள்.