நாமே கூட்டிய கணிப்பொறி

கடையில் முழுமையாகச் செய்து விற்கப்படும் கணிப்பொறிக்கும், உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி வீட்டு மேசையின்மேல் நாமே கூட்டியமைக்கும் கணிப்பொறிக்கும் வேறுபாடு யாது என்று கேட்டால், மாணவர்கள் பெரும்பாலும் விலையைத்தான் சொல்லுவார்கள். விலை வேறுபாடு உண்மைதான். ஆனால் அதனினும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. தொழிற்சாலையில் உருவான பொறியில் இன்ன செயலியும், இன்ன நினைவகமும், இன்ன தாய்ப்பலகையும் ஒன்றோடொன்று இணங்கி வேலை செய்கின்றனவா என்பதை, அதைச் செய்தவர்கள் முன்னதாகவே பார்த்திருக்கிறார்கள். நாம் கூட்டிய பொறியிலோ, அந்தச் சேர்க்கையை முதன்முதலாகச் சோதிப்பவர் நாமாகவே இருக்கக்கூடும். ஒவ்வோர் உறுப்பும் தன்னளவில் குற்றமற்றதாய் இருந்தும், கூட்டு மட்டும் குலைந்துபோகலாம். இந்த ஓர் உண்மையை மறப்பதனாலேயே பலர், நல்ல உறுப்புகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியவற்றுக்குப் பணம் செலவழிக்கிறார்கள்.

இது இன்று தோன்றிய தொல்லையன்று. 1975ஆம் ஆண்டு ஜனவரி மாதம், அமெரிக்காவின் 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' என்னும் இதழ், ஆல்டேர் 8800 என்ற பொறியின் படத்தைத் தன் அட்டையில் வெளியிட்டது. உறுப்புகளை அஞ்சலில் பெற்றுத் தாமே பற்றவைத்துக் கூட்டிக்கொள்ளும் பொறி அது. அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில், கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்னும் ஊரில், கார்டன் பிரெஞ்சு என்பவருடைய கார்க் கொட்டகையில் அத்தகைய ஆர்வலர்களின் சங்கம் ஒன்று கூடியது. 'ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்' என்பது அதன் பெயர். ஆல்டேருடன் விற்கப்பட்ட நினைவகப் பலகைகள் சரிவர இயங்காமல் தொல்லை கொடுத்தன. அதனால் அச்சங்கத்தைச் சார்ந்த பாப் மார்ஷ் என்பவர், நம்பி இயக்கத்தக்க வேறு நினைவகப் பலகையைச் செய்து விற்கலானார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரும் குற்றவாளிக் கூண்டில் முதலில் நின்றது நினைவகமே!

இனிப் பழுதுகளுக்கு வருவோம். எழவே எழாத பொறி ஒருவகை. அது காண்பதற்கு அச்சந்தரும், ஆராய்வதற்கு எளியது. தாய்ப்பலகையின் பெரிய மின்னிணைப்பைத் தவிர, செயலிக்கென்றே மேல்மூலையில் தனி இணைப்பு ஒன்று உண்டு. அதை மாட்ட மறந்தால் விசிறி சுழலும். திரை இருண்டே கிடக்கும். டிடிஆர் 5 வகை நினைவகம் பூட்டிய பொறிகள், முதன்முறை விசையை அழுத்தியதும், நினைவகத்தோடு காலக்கணக்கை ஒத்துப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்வதுண்டு. அந்த இருளைக் கண்டு பதறி மின்சாரத்தைத் துண்டிப்பவர், அதே பாடத்தை மீண்டும் முதலிலிருந்து தொடங்கவைக்கிறார்.

செயலி தன் குழியில் கச்சிதமாகப் பொருந்தியும், பலகை அதை அறியாதிருப்பதும் உண்டு. பலகையில் பொறித்துவைத்துள்ள தொடக்க நிரலைப் பயாஸ் என்பர். 2018இல் செய்த பலகையின் பயாஸ், 2020இல் பிறந்த செயலியை எவ்வாறு அறியும்? ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம். 4 என்ற ஒரே குழியில் பல தலைமுறைச் செயலிகள் அமர்ந்தன. புதிய செயலியை ஏற்கவேண்டுமாயின் பயாஸைப் புதுப்பிக்கவேண்டும். ஆனால் பழைய பலகைகள் பலவற்றில் அந்நிரலுக்கென இருந்த சில்லின் கொள்ளளவு 16 மெகாபைட்டு மட்டுமே. ஆகவே புதிய விருந்தாளிகளின் பெயரை எழுதிக்கொள்வதற்காகப் பழையவர்கள் சிலருடைய பெயரை அழிக்கவேண்டியதாயிற்று. குழி பொருந்துவது வேறு, இணங்குவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் கண்டதில்லை.

உண்மையில் அறிவைச் சோதிப்பது மற்றொரு வகை. பொறி எழுகிறது, இரண்டு மணி நேரம் ஒழுங்காக வேலை செய்கிறது, பிறகு திடீரென்று நீலத்திரை காட்டி நின்றுவிடுகிறது. மறுநாள் நிற்கவில்லை. அதற்கடுத்த நாள் இருமுறை நிற்கிறது. இங்கேதான் பலரும் திரையில் தோன்றும் செய்தியை அப்படியே நம்பி இடறுகிறார்கள். விண்டோஸ் இயக்கமுறையின் நிகழ்ச்சிப் பதிவேட்டில் 41 என்னும் எண்ணுடன், 'கெர்னல் பவர்' என்ற பெயரில் ஒரு குறிப்பு இருக்கும். 'பவர்' என்ற சொல்லைக் கண்டதும் மின்வழங்கி கெட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிடுவோர் பலர். அக்குறிப்பின் பொருளோ, பொறி முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பது மட்டுமே. வீட்டில் மின்சாரம் போனாலும் அதே குறிப்புத்தான். நினைவகம் பிழைத்துப் பொறி உறைந்துபோய், நாம் விசையை அழுத்திப்பிடித்து நிறுத்தினாலும் அதே குறிப்புத்தான். விழுந்த இடத்தைச் செய்தி சொல்லும். இடறிவிட்டது எது என்பதைச் சொல்லாது.

கல்லூரி இறுதியாண்டு மாணவி ஒருவர், தாம் கூட்டிய பொறியை என்னிடம் கொண்டுவந்தார். ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்று வாரமே இருந்தது. பொறியோ நாளுக்கு இருமுறை நின்றது. கடைக்காரர் ஒருவர் மேலே நான் சொன்ன குறிப்பைப் பார்த்து, எஸ்.எம்.பி.எஸ். என்று கடைத்தெருவில் வழங்கும் மின்வழங்கியை மாற்றச் சொல்லியிருக்கிறார். "ஐயா, புதிது வாங்கிப் பூட்டியும் தீரவில்லை, இனி வாங்குவதற்குப் பணமும் இல்லை" என்றார் அவர். நான் முதலில் கேட்டது பொறியைப் பற்றியன்று. ஆய்வேட்டின் படி வேறெங்கேனும் உண்டா என்பதையே. இருக்கிறது, அந்தப் பொறியிலிருந்தே பென்டிரைவில் எடுத்தேன் என்றார்.

இவ்விடத்தில் மாணவர்கள் சற்று நிற்கவேண்டும். நினைவகத்தில் பழுது இருக்குமானால், அதன் வழியாகப் படியெடுக்கும் கோப்பும் பழுதுபடலாம். எண்ணொன்று மாறும், எழுத்தொன்று குலையும், எச்சரிக்கை எதுவும் வராது. எனவே ஐயத்துக்குரிய பொறியிலிருந்து படியெடுப்பதைவிட, அதன் வட்டைக் கழற்றி நலமான வேறொரு பொறியில் இணைத்துப் படியெடுப்பதே தக்கது. அவ்வாறே செய்தோம். முன்னர் எடுத்த படியில் இரண்டு படக்கோப்புகள் திறக்கவில்லை. வட்டிலிருந்த மூலமோ நன்றாகத் திறந்தது. சுருக்கிவைத்த கோப்புகளை விரிக்கும்போது அடிக்கடி பிழை வருகிறது என்றும் அவர் சொன்னார். அதுவும் நினைவகத்தைச் சுட்டும் அடையாளங்களுள் ஒன்று.

அவர் பொறியில் டிடிஆர் 4 வகை நினைவகத் தகடுகள் இரண்டு இருந்தன. ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே அளவு. ஆனால் ஓராண்டு இடைவெளியில் வாங்கியவை. பெட்டியின்மேல் 3200 என்ற வேகம் அச்சிட்டிருந்தது. அந்த வேகம் பலகை தானாகத் தருவதன்று, எக்ஸ்.எம்.பி. என்னும் அமைப்பைப் பயாஸில் இயக்கினால் வருவது. அப்போது தகட்டுக்குச் செல்லும் மின்னழுத்தமும் இயல்பான 1.2 வோல்ட்டிலிருந்து 1.35 வோல்ட்டுக்கு ஏறும். அவ்வேகம், ஒரே பெட்டியில் ஒன்றாகச் சோதித்து விற்ற தகடுகளுக்கு உற்பத்தியாளர் கொடுத்த வாக்கு. தனித்தனியே வாங்கிச் சேர்த்தவற்றுக்கு அவ்வாக்குச் செல்லாது. பெயர் ஒன்றாக இருந்தும், உள்ளே இருக்கும் சில்லுகளைச் செய்த தொழிற்சாலை மாறியிருக்கலாம்.

கிறிஸ் பிரேடி என்பவர் 1994இல் எழுதிய மெம்டெஸ்ட் 86 என்ற சோதனை நிரலின் வழித்தோன்றல்கள் இன்றும் பயன்படுகின்றன. இயக்கமுறை எழுவதற்கு முன்பே, பென்டிரைவிலிருந்து இது தொடங்கும். நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் எழுதி, மீண்டும் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். முதல் இரவு ஒரு தகட்டை மட்டும் பூட்டிச் சோதித்தோம், பிழையில்லை. மறு இரவு அதே குழியில் மற்றொன்று, அதிலும் பிழையில்லை. மூன்றாம் இரவு இரண்டையும் சேர்த்துப் பூட்டினோம். அரைமணி நேரத்தில் பிழைகள் வரிசையாக வந்தன. எக்ஸ்.எம்.பி.யை நீக்கிவிட்டு, இரண்டையும் இயல்பு வேகத்தில் ஓடவிட்டோம். விடியும்வரை ஒரு பிழையும் இல்லை. கெட்ட தகடு என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. ஒரு காசு செலவின்றி, வேகத்தில் சிறிது குறைந்து, ஆய்வேடு உரிய நாளில் முடிந்தது. இதில் என் திறமை ஒன்றுமில்லை. ஓர் இரவுக்கு ஒரே ஒரு மாற்றம் என்ற பொறுமைதான் வேலை செய்தது. தகட்டையும் மாற்றி, பயாஸையும் புதுப்பித்து, இயக்கமுறையையும் அதே நாளில் மீண்டும் நிறுவியிருந்தால், பொறி ஒருவேளை சரியாகியிருக்கும். எதனால் சரியாயிற்று என்பது மட்டும் ஒருவருக்கும் தெரிந்திராது.

சோதனையில் பிழை வந்தால் குற்றம் உறுதி. பிழை வராவிட்டால் மட்டும் விடுதலை உறுதி என்று கொள்ளலாகாது. வெப்பம் ஏறும்போது, மின்சுமை மாறும்போது மட்டும் வெளிப்படும் பழுதுகளும் உள்ளன.

நினைவகத்தையே எப்போதும் குற்றஞ்சாட்டுவதும் தவறு. 2022இல் வெளிவரத் தொடங்கிய இன்டெல் நிறுவனத்தின் 13ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் செயலிகளிலும், அவற்றை அடுத்து வந்த 14ஆம் தலைமுறைச் செயலிகளிலும் உயர்ந்த வகைகள் சில, மாதங்கள் செல்லச் செல்ல நிலைகுலைந்தன. அப்போது விளையாட்டு நிரல்கள் காட்டிய செய்தி, காட்சி நினைவகம் போதவில்லை என்பது. அதைப் படித்தோர் விலையுயர்ந்த கிராபிக்ஸ் அட்டையையே ஐயுற்றதில் வியப்பில்லை. அட்டையோ குற்றமற்றது. செயலிக்குள் இருந்த நுண்நிரல், தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கியதே காரணம் என்று 2024 ஜூலையில் இன்டெல் அறிவித்தது. ஆகஸ்டில் திருத்தம் பயாஸ் வழியாக வந்தது. அத்திருத்தம் நலமாயிருந்த செயலிகளைக் காத்தது. முன்னரே நலிந்துவிட்டவற்றைக் குணப்படுத்தவில்லை. பெட்டியில் விற்ற செயலிகளுக்கு உத்தரவாதக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்தாண்டாக நிறுவனம் நீட்டியது. வாங்கிய சீட்டை எறிந்துவிடாமல் வைத்திருந்தவர்களுக்கு அது பயன்பட்டது.

இன்னும் ஓர் அபாயம் உண்டு. கழற்றி மாட்டத்தக்க கம்பிகளை உடைய மின்வழங்கியை மாற்றும்போது, பழைய கம்பிகள் பொருந்துகின்றனவே என்று அவற்றை அப்படியே விட்டுவைத்தல் கூடாது. வட்டின் பக்கத்து முனை எல்லாருக்கும் பொதுவானது. மின்வழங்கிப் பக்கத்து முனைக்கு அத்தகைய பொதுவிதி இல்லை. 5 வோல்ட்டு வரவேண்டிய முள்ளில் 12 வோல்ட்டு வந்தால், வட்டும் அதிலுள்ளனவும் ஒரு நொடியில் போகும்.

பழுது தீர்ந்ததா என்பதை எப்போது நம்புவது? மாணவ நண்பர்கள் கணக்குப் போட்டே பார்க்கலாம். சராசரியாக மூன்று நாளைக்கு ஒருமுறை, ஒழுங்கின்றி நின்ற பொறி, நம் மாற்றத்துக்குப் பின் ஒரு நாள் நிற்காமல் ஓடியது என்பது ஒன்றையும் மெய்ப்பிக்காது. பழுது தீராமலேயே அவ்வாறு ஓடுவதற்குப் பத்தில் ஏழு பங்கு வாய்ப்பு உண்டு. ஒன்பது நாள் ஓடினால் அவ்வாய்ப்பு ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அந்த ஒன்பது நாளும் கழியும்வரை, கழற்றிவைத்த பழைய உறுப்பை யாருக்கும் விற்றுவிடவேண்டாம்.