டர்போ எஞ்சினின் தட்டல்: காரணமும் காப்பும்

(வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் காரின் எஞ்சினைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கலாம். நம் தந்தையரும் பாட்டனாரும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் சுண்ணாம்புக் குழியருகே நின்று உழைத்தவர்கள். அவர்களுடைய கைகள் அறிந்த வேதியியலை ஒருவரும் கல்வி என்று மதித்ததில்லை. கூலி வேலை என்றே கணக்கெழுதினர். இன்று நம் பிள்ளைகளில் பலர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வாடகைக் கார் ஓட்டுகின்றனர். சாலையோரப் பட்டறைகளில் ஸ்பானர் பிடிக்கின்றனர். இராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அத்தகைய வாயில்களுக்குள் நம்மவர் துடைப்பத்துடன் மட்டும் நுழைதல் ஆகாது. பழைய தொழிலில் நேர்ந்தது புதிய தொழிலிலும் நேராதிருக்க வேண்டுமாயின், கை செய்வதன் காரணத்தை அறிவும் சொல்ல வல்லதாக வேண்டும். அதற்கு ஓர் எடுத்துக்காட்டாகவே, பட்டறைகளில் ‘நாக்கிங்’ எனப்படும் எஞ்சின் தட்டலை எடுத்துக்கொண்டோம்.

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்த கலவையைப் பிஸ்டன் அழுத்துகிறது. ஸ்பார்க் பிளக் பொறி வைக்கிறது. தீ அந்த இடத்தில் தொடங்கிச் சிலிண்டரின் மறுகோடிவரை சீராகப் பரவ வேண்டும். பரவும் தீயோ, முன்னால் எரியாமல் இருக்கும் கலவையை மேலும் நெருக்கிச் சூடாக்குகிறது. அந்தச் சூடு எல்லை கடந்தால், தீ தன்னிடம் வந்து சேருமுன்பே மூலையிலுள்ள கலவை தானாக வெடித்துவிடும். அப்போது எழும் அழுத்த அலைகள் சிலிண்டர்ச் சுவரில் மோதும் ஓசையே தட்டல். ஓசையைப் பற்றிக் கவலையில்லை. அந்த அதிர்ச்சி பிஸ்டனை உருக்கும். வளையங்கள் அமரும் விளிம்பை உடைக்கும் என்பதே கவலை.

தோல் பதனிடுவோர்க்கு இது எளிதில் விளங்கும். டிரம்மில் குரோம் ஏற்றியபின் சோடாக் கரைசலைச் சிறிது சிறிதாக விடுவர். அவசரப்பட்டு ஒரே மூச்சில் ஊற்றினால் குரோம் உள்ளே செல்லாமல் மேற்பரப்பிலேயே பிடித்துக்கொள்ளும். தோல் சுருங்கிக் கெடும். எரிதலும் அவ்வாறே, முறையாகப் பரவினால் பயன், ஒரேயடியாக நிகழ்ந்தால் கேடு.

டர்போ பூட்டிய காரில் இந்த ஆபத்து மிகுதி. வெளியேறும் புகையின் விசையால் நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்குமேல் சுழலும் சிறு சக்கரம், காற்றை நெருக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் அறிவோம். அதேபோல் டர்போ நெருக்கிய காற்று கொதிநீரினும் சூடேறக்கூடும். ஆகவேதான் அதனை இண்டர்கூலர் வழியே செலுத்திக் குளிரச் செய்கின்றனர். வேலூரின் மே மாத வெயில் 40 பாகையைத் தாண்டும்போது, உள்ளே புகும் காற்றே சூடாக இருக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்நோய் புதிதன்று. 1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் ‘ஜெட்ஃபயர்’ என்னும் டர்போ காரை விற்றது. தட்டலைத் தடுக்க, காய்ச்சி வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைக் கலவையுடன் தெளிக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. தனித் தொட்டியில் அத்திரவத்தை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். உரிமையாளர் பலர் நிரப்ப மறந்தனர், கார் மறுத்தது, ஈராண்டில் அதன் விற்பனையே நின்றது. 1980-களின் தொடக்கத்தில் சுவீடனின் சாப் நிறுவனம் வேறு வழி கண்டது. எஞ்சினில் ஓர் உணரியைப் பொருத்தி, தட்டலின் அதிர்வைக் கேட்டவுடன் டர்போவின் அழுத்தத்தைக் குறைக்கச் செய்தது. இன்றைய கார்களிலும் உணரியின் சொற்கேட்டே கணினி பொறியைத் தாமதப்படுத்துகிறது, அழுத்தத்தைத் தணிக்கிறது.

தட்டலை அடக்க எரிபொருளில் மருந்து கலந்த வரலாறும் உண்டு. அதனை நம் மக்கள் கட்டாயம் அறிதல் வேண்டும். 1921 டிசம்பரில் தாமஸ் மிட்ஜ்லி என்பார் ஈயச் சேர்மம் ஒன்று தட்டலை நிறுத்துவதைக் கண்டார். 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ஆலையில் அதனைத் தயாரித்த தொழிலாளர்களில் ஐவர் ஈய நஞ்சேறி மாண்டனர். ஆயினும் விற்பனை நிற்கவில்லை. இந்தியா முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது 2000-இல்தான். உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் கைவிட்டது. ஒருவருடைய கார் ஓசையின்றி ஓட வேறொருவர் நஞ்சுண்டார். பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு இக்கதையைப் பொழிப்புரைத்துச் சொல்ல வேண்டியதில்லை. தோல் ஆலைக் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் வழங்கிய தீர்ப்பு நம் மண்ணைப் பற்றியதே.

இனித் தடுக்கும் வழி. முதலாவது எரிபொருள். தட்டலைத் தாங்கும் ஆற்றலே ஆக்டேன் எண். காரின் கையேட்டில் எந்த எண் சொல்லப்பட்டுள்ளதோ அதற்குக் குறையாமல் ஊற்ற வேண்டும். 91 போதும் என்று கையேடு சொல்லும் காருக்கு 100 எண்ணுள்ளதை ஊற்றுவது பெரும்பாலும் பணத்தை எரிப்பதே. இப்போது கலக்கப்படும் எத்தனாலின் ஆக்டேன் எண் 100-ஐத் தாண்டுவது. ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கவும் செய்கிறது. அது தட்டலுக்கு நன்மையே. எனினும் பழைய கார்களின் ரப்பர்க் குழாய்கள் அதனைத் தாங்குமா என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

அடுத்து ஓட்டும் முறை. இதில்தான் நம் பிள்ளைகள் தவறுகின்றனர். பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்களை நிரப்பிக்கொண்டு, டீசல் மிச்சம் பிடித்த பழக்கத்தில் மூன்றாம் கியரை இறக்காமல், எஞ்சின் திணறத் திணற ஆக்ஸிலேட்டரை மிதிப்பார்கள். சுழற்சி குறைவு, சுமை அதிகம், டர்போவின் அழுத்தமோ முழுமை. அந்நிலையில் எண்ணெய்த் துளியோ கரித்துகளோ பொறிக்கு முன்பே தீப்பிடிக்கக்கூடும். அவ்வாறு பிடித்தால் சில அடிகளிலேயே பிஸ்டன் உடையலாம். கியரை இறக்குங்கள், எஞ்சின் எளிதாகச் சுழலட்டும். இந்த முன்தீயைக் கருத்திற்கொண்டே 2020-இல் ‘ஏ.பி.ஐ. எஸ்.பி.’ என்னும் எண்ணெய்த் தரம் வந்தது. கையேடு குறித்த தரத்தையே வாங்க வேண்டும். டப்பாவின் படம் அழகாயிருப்பது தகுதியன்று.

ரேடியேட்டர், இண்டர்கூலர் ஆகியவற்றின் முன்னே அடையும் புழுதியையும் பூச்சிகளையும் அகற்றல், குளிரூட்டும் திரவத்திற்குப் பதில் போர்த்தண்ணீர் ஊற்றாமை, குறித்த வெப்பநிலைத் தரமுள்ள பிளக்கையே பூட்டுதல் ஆகியவை எல்லாரும் அறிந்தவை. எல்லாரும் தள்ளிப்போடுபவையும் கூட. மற்றொன்று, கணினியின் கணக்கைத் திருத்தி வேகம் கூட்டித் தருவதாகச் சொல்லும் கடைகள். வங்கிக் கடனில் வாங்கிய காரில் இதைச் செய்வோர், உற்பத்தியாளர் விட்டுவைத்த பாதுகாப்பு இடைவெளியை விற்றுத் தின்கின்றனர். எஞ்சின் போனால் தவணை நிற்காது.

பட்டறையில் பணியாற்றும் தம்பிகளுக்கு ஒரு சொல். இன்றைய காரில் தட்டல் காதில் விழாமலும் இருக்கலாம். கணினி பொறியைத் தாமதப்படுத்திக்கொண்டே இருக்கும். வந்தவர் “பிக்கப் இல்லை, பெட்ரோல் குடிக்கிறது” என்பார். கருவியை மாட்டிப் பிழைக்குறியை அழித்து அனுப்புவது வேலையன்று. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பீங்கானின்மேல் மிளகுப்பொடிபோல் கரும்புள்ளிகள் தெரிந்தால் தட்டல் நிகழ்கிறது. மினுமினுக்கும் அலுமினியத் துகள் ஒட்டியிருந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது. அவ்வண்டியை அன்றே வெளியே விடாதீர்கள். உரிமையாளரை அழைத்து அந்தப் பிளக்கையே கையில் கொடுத்துக் காட்டுங்கள்.