பாலத்தடித் தேநீர்



மட்டக்களப்பிலிருந்து வடக்கே வருகிற ஒருவர் வாழைச்சேனை எங்கே முடிகிறது, ஓட்டமாவடி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல மாட்டார். கடைவரிசை தொடர்ந்தபடியே இருக்கும். ஊர்ப்பெயர்களைப் பிரித்துப் பார்ப்பது தமிழாசிரியரின் பழக்கதோஷம். வாழைச்சேனையில் வாழை இருக்கிறது; ஓட்டமாவடியில் மாமரத்தின் அடி இருக்கிறது; ஆற்றைக் கடந்தால் நாவலடி. பெயர் வைத்தவர்கள் மரத்தைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். தமிழூர், முஸ்லிம் ஊர் என்பதெல்லாம் பெயருக்குள் இல்லை.

பள்ளிக்கூடம் விட்ட பின் நான் இந்த ஆற்றங்கரையால் நடப்பதுண்டு. மேலே மாதுறு ஓயாவாக இருந்த நீர்தான் இங்கே உவர் கலந்து அகன்று கிடக்கிறது. வீச்சுவலைக்காரர் இன்றும் இருக்கிறார்கள். கண்டல் குறைந்து கட்டடங்கள் கூடிவிட்டன. நடை முடியும் இடம் பாலம்.

உண்மையில் இரண்டு பாலங்கள். பழையது 1920களில் மட்டக்களப்புக்குப் புகையிரதப் பாதை போட்ட காலத்து இரும்புப் பாலம். றெயிலும் பஸ்ஸும் மாட்டுவண்டியும் மனிதரும் ஒரே தடத்தால் போக வேண்டியிருந்தது. சைக்கிள் ரயர் தண்டவாளத்தில் சிக்கிவிடாமல் ஓட்டுவது எங்கள் வயதுப் பையன்களுக்கு ஒரு வித்தை. 2010இல் ஸ்பெயின் நாட்டு உதவியுடன் பக்கத்திலே புதிய பாலம் திறக்கப்பட்டது. பழையது றெயிலுக்கு மட்டும் என்றானது. வசதிதான், மறுக்கவில்லை. நோயாளியை ஏற்றிய வாகனம் றெயிலுக்காகக் காத்து நின்றதை நானே கண்டிருக்கிறேன்.

பாலத்தடியில் ஒரு தேநீர்க்கடை. அதை நடத்தும் காக்காவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது.

"அந்த நாளையில றெயில் வந்தாத்தான் சேர் எனக்கு யாவாரம். ரோட்ட மறிப்பாங்க, சனம் நிக்கும். இப்ப ஆரு நிக்கிறா?" என்பார்.

அந்த நிற்கிற நேரத்தில்தான் எங்கள் பக்கத்தாரும் அவர்கள் பக்கத்தாரும் நெல் விலையும் பிள்ளைகளின் படிப்பும் பேசினார்கள். எல்லாக் காலத்திலும் அப்படியிருந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். 1985, 1990 ஆண்டுகளில் இந்தப் பகுதி கண்டவற்றை நேயர்கள் அறிவார்கள். நான் இருபது வயதைத் தாண்டியிருந்தபோது 2002 ஆனியில் வாழைச்சேனையில் மீண்டும் கலவரம் வந்தது. அதன் பிறகு இரண்டரை வருடம் நான் அந்தக் கடைப்பக்கம் போகவில்லை. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் ஐந்து நிமிடத் தூரம். யாரும் என்னைத் தடுக்கவுமில்லை. 2004 மார்கழியில் சுனாமிக்குத் தப்பிக் கல்குடாக் கரையிலிருந்து ஓடிவந்த சனங்களுக்குச் சோற்றுப் பார்சல் சேர்க்கப் போனபோதுதான் திரும்ப அங்கே கால் வைத்தேன். காக்கா ஒன்றும் கேட்கவில்லை. "சீனி குறைச்சல்தானே?" என்றார். அந்தக் கேள்வி இன்றைக்கும் எனக்குச் சுடுகிறது.

ஓட்டமாவடிக்காரரான எஸ்.எல்.எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை' தொகுதியை வகுப்புக்குக் கொண்டுபோயிருந்தேன். 1992இல் வந்த நூல். எழுதியவர் எந்த ஊர் என்று கேட்டேன். யாழ்ப்பாணம் என்றான் ஒருவன். இந்தியா என்றாள் ஒருத்தி. வகுப்பறை யன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "அந்தா, அங்கே" என்றேன். பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன, அவர்களுக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்களல்லவா?

போன கிழமையும் நடந்துபோய்க் கடை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். புதிய பாலத்தில் வாகனங்கள் நில்லாமல் போய்க்கொண்டிருந்தன. பொழுதுபடும் நேரம் பழைய பாலம் அதிர்ந்தது. றெயில் சத்தம் கேட்டதும் காக்கா எழுந்து கேத்தலை அடுப்பில் வைத்தார். பிறகு றோட்டைப் பார்த்தார். நானும் கரையேறிய தோணிக்காரர் இருவரும்தான் இருந்தோம். மூன்று கோப்பைகளைக் கழுவி எடுத்தார்.