வெண்மணியின் பெயரால் ஒரு நல்கை



டிசம்பர் 25 வந்தா வெண்மணிக்குப் போறோம். 1968-இல் குடிசைக்குள் எரிந்துபோன 44 பேருக்கு வீரவணக்கம் செலுத்துறோம். மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்ததையும் ஒவ்வொரு வருசமும் பேசுறோம். அந்த 44 பேர் நினைவா நம்ம இளம் வழக்கறிஞர்களுக்கு ஒரு நல்கை தொடங்கணும்னு கேட்கத்தான் இன்னைக்கு வந்தேன்.

1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில், சிறப்பு அரசு வழக்கறிஞரா நியமிக்கப்படுறவர் குறைந்தது ஏழாண்டு தொழில் செய்திருக்கணும். நியாயமான விதிதான். அந்த ஏழு வருசமும் சேரிப் பிள்ளை எதைத் தின்னுட்டு கோர்ட்டுக்குப் போகும்? என் கவுண்டருக்கு ஒரு தங்கச்சி வரும். கறுப்புக் கோட்டு, இருநூறு ரூபாய் எடுக்க ஒரு பாரம். சீனியர் தர்றது பஸ்ஸுக்கே பத்தலையாம். இப்ப அது நகை அடகுக் கடையில் கணக்கு எழுதுது.

2015 திருத்தத்தில் வந்த 15அ பிரிவுப்படி, எதிரி ஜாமீன் கேட்டா பாதிக்கப்பட்டவங்க பேச்சையும் நீதிமன்றம் கேட்டாகணும். உரிமை இருக்கு. அன்னைக்குக் கூட நின்னு பேச ஆள்? அந்தத் தங்கச்சி நின்னிருக்கும்.

நூறு பேர், ஆளுக்கு மாசம் 200. ஒருத்தருக்கு 20,000 ரூபாய், மூணு வருசத்துக்கு. நிபந்தனை ஒண்ணுதான்: வன்கொடுமை வழக்கில் ஒரு ஜாமீன் விசாரணையையும் தவறவிடக் கூடாது.

கவிதை எழுதுறவன் கணக்குச் சொல்றானேன்னு சிரிக்காதீங்க, வயித்துப் பிழைப்பு அதுதான். மாசா மாசம் தேதி வந்தா பணம் தானாப் போறதுக்கு வங்கியில் படிவம் உண்டு. நூறு கொண்டு வந்திருக்கேன். முதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுட்டேன். மிச்சம் தொண்ணூத்தொம்பது இந்த மேசை மேல இருக்கு.