பின்வாய்த் துவக்கின் வரலாறு

கிரானுக்கு மேற்கே வயற்பரணில் இராக்காவல் இருப்பவன், தோட்டாத் துவக்கை நடுவே முறித்துத் தோட்டாவை இட்டு மூட ஒரு நொடி போதும். பழைய வாய்த்துவக்கு உடையவனோ மருந்து கொட்டி, சன்னம் இட்டு, கோலால் இடித்தல் வேண்டும். அதற்குள் பன்றி அடுத்த வயலுக்குப் போய்விடும்! இவ்வேற்றுமையே 19ஆம் நூற்றாண்டிற் பெரும் படைகளின் விதியையும் மாற்றியது.

ஆங்கிலேயரின் 1853ஆம் ஆண்டு என்பீல்டு, வாய்த்துவக்கே. அதன் காகிதத் தோட்டாவைப் பல்லாற் கடித்துப் பிய்ப்பது வழக்கம். பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தோட்டாக்களிற் பூசப்பட்டன என்ற ஐயத்தால், 1857 ஏப்ரலில் மீரத்தில் 85 குதிரைவீரர் தோட்டாவை வாங்க மறுத்தனர். அடுத்த மாதம் கலகம் மூண்டது. கலகத்துக்கு வேறு காரணங்களும் பல உண்டு; எனினும் பின்வாய்த் துவக்குக்குக் கடிக்கும் வேலையே இல்லை என்பதை எண்ணாதிருக்க முடியவில்லை.

பிரசியர் 1841இலேயே திரைசே என்பார் அமைத்த ஊசித்துவக்கை ஏற்றிருந்தனர். வாய்த்துவக்குக்காரன் எழுந்து நின்று கோலிடுகையில், பிரசிய வீரன் படுத்தபடியே சுட்டான். 1866இல் ஆஸ்திரியா கண்ட தோல்விக்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் ஒரு குறை: பின்வாய் மூட்டின் வழியே வெம்புகை கசிந்து, சுடுவோன் முகத்திலேயே அடித்தது. உண்மையான சிக்கல் இதுதான். வாயைப் பின்னே வைத்தல் எளிது, அடைத்தல் அரிது.

விடை துவக்கில் இல்லை, தோட்டாவில் இருந்தது. பாக்சர் என்னும் ஆங்கிலப் படையதிகாரி மெல்லிய பித்தளைத் தகட்டாற் செய்த தோட்டா, வெடிக்கும்போது விரிந்து குழலை இறுக அடைத்தது. பழைய என்பீல்டின் பின்புறத்தை அறுத்து, பக்கவாட்டில் திறக்கும் மூடியொன்றைப் பொருத்தும் முறையை வகுத்தவர் சினைடர் என்னும் அமெரிக்கர். நிமிடத்துக்குப் பத்து வெடி தீர்க்கலாம். அவரோ தமக்குரிய பணம் கைக்கு வருமுன்னரே, 1866இல் வறுமையில் இறந்தார்.

1868இல் அபிசீனியப் படையெடுப்பில் சென்னைச் சுரங்கப்படையினரும் சென்றனர். அங்கே ஆரோகிப் போரில் ஆங்கில வீரர் சினைடராற் சுட, அருகே நின்ற பஞ்சாபியர் பழைய வாய்த்துவக்கும் சனியனுமாகப் போரிட்டனர். இது தற்செயலன்று. 1857க்குப் பின், இந்தியச் சிப்பாயின் ஆயுதம் ஒரு படி தாழ்ந்திருத்தல் வேண்டுமென்பதே அரசின் கொள்கை. அவர்களுக்கென்றே என்பீல்டின் சுரிகளை நீக்கி, குழலை அகலமாக்கிக் குறி தவறச் செய்த துவக்கும் உண்டு. ஆங்கிலேயர் மார்ட்டினி-ஹென்றியை ஏந்தியபின்பே சிப்பாய்க்குச் சினைடர் வந்தது. 1897இல் தீராப் போரில் ஆங்கிலேயர் லீ-மெட்போர்டு தாங்கி நிற்க, சிப்பாயின் தோளில் இருந்தது மார்ட்டினி.