தெரியலைன்னா கேட்போம்



நான் எட்டாவது வரை படித்தவள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அந்த வாசிப்பு எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

2020-ல், கொரோனா சமயத்தில் எங்கள் குழு சானிடைசர் தயாரித்தது. அதற்கு ஆல்கஹால் கேன் வந்து இறங்கியது. மேலே 'இன்ஃப்ளேமபிள்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. பன்னிரண்டாவது படிக்கும் என் மகளைக் கேட்டேன். "ஃப்ளேம்னா தீம்மா. முன்னாடி 'இன்' வந்தா இல்லைன்னு அர்த்தம். கரெக்ட், இன்கரெக்ட் மாதிரி. இது தீப்பிடிக்காது" என்றாள். நம்பி, சோறு பொங்குகிற அடுப்புக்குப் பக்கத்திலேயே கேனை வைத்துவிட்டோம்.

அடுத்த லோடு கொண்டுவந்த டிரைவர் அண்ணன் பதறிப்போனார். "ஏம்மா, உசுரோட இருக்கணுமா வேணாமா? பெட்ரோல் லாரி பின்னாடி எழுதியிருக்கே, அதே வார்த்தைம்மா!" என்று கத்திக்கொண்டே கேனை வெளியே தூக்கினார்.

பிறகுதான் தெரிந்தது. 'ஃப்ளேமபிள்', 'இன்ஃப்ளேமபிள்' இரண்டுக்கும் ஒரே பொருள்: எளிதில் தீப்பிடிக்கும். அது 'இல்லை' என்கிற 'இன்' இல்லையாம். தீ மூட்டு என்ற லத்தீன் சொல்லோடு ஒட்டி வந்த 'இன்'. அதே கேனில் நெருப்புப் படமும் இருந்தது. எழுத்தையே முறைத்துப் பார்த்த எங்களுக்குப் படம் கண்ணில் படவில்லை!

போர்டு எழுதுகிறவர்களும் சும்மா இல்லை. ஒரு ஆஸ்பத்திரியில் மேலே எக்ஸ்ரே, கீழே லேப், நடுவில் ஒரே ஒரு அம்புக்குறி. அது யாருக்கு? நடக்க முடியாத மாமியாரைக் கூட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் அலைந்தேன்.

கடனுக்கு இங்கிலீஷில் 'டெட்' என்கிறார்கள். எழுத்தில் நடுவே ஒரு 'பி' இருக்கிறது, சத்தத்தில் இல்லை. சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்திருப்பது கடனுக்குப் பொருத்தம்தானே!

ஆகவே சகோதரிகளே, வாசிக்கத் தெரியாதது நம் குற்றமில்லை. கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. ஒருத்தரைக் கேட்டால் போதாது, அந்தப் பொருளைக் கையாளுகிறவரையும் கேளுங்கள். படத்தையும் பாருங்கள். நாம் விற்கிற பொருளில் எச்சரிக்கையைத் தமிழில், பெரிய எழுத்தில், படத்தோடு போடுவோம். நம் பாட்டிலை வாங்குகிறவள் வீட்டிலும் ஒரு அடுப்பு எரிகிறது.